பிட்டுக்கு மண் சுமந்த கதை

மதுரையில் சொக்கநாதர் 64 திருவிளையாடல்கள் புரிந்ததாகப் பரஞ்சோதி முனிவர் பாடி வைத்திருக்கிறார். அவற்றில் பலவற்றில் சாமி சொந்த உருவத்தில் வருவதே இல்லை. விறகு விற்பவர், வளையல் வியாபாரி, வலைஞர், குதிரை வணிகர், கூலியாள் என்று ஆளுக்கொரு வேடம். சாமியாகவே வந்து நின்றால் என்ன ஆகும் என்பதை நக்கீரரிடம் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர்.

வீடியோ கேமும் அதே ரகம். கடந்த 50 ஆண்டுகளில் எந்த நாட்டுக்குள்ளும் அது "நான் விளையாட்டு, சும்மா பொழுதுபோக்க வந்தேன்" என்று உண்மையைச் சொல்லி நுழைந்ததாகச் சரித்திரம் இல்லை. ஊருக்கு ஒரு வேடம். அந்த வேடம் எது என்று பார்த்தால் போதும்; அந்த ஊர் எதைக் கண்டு பயந்தது, எதற்கு ஏங்கியது என்று ஜாதகமே கணித்துவிடலாம்.

முதல் தலம் ஜப்பான். நின்டெண்டோ 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி. ஹனாஃபுடா என்ற பூப்போட்ட சீட்டு. சூதாடிகள் விரும்பி வாங்கிய சரக்கு. 1983-இல் அதே கம்பெனி, டி.வி.யில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. சீட்டு விற்றவன் கொண்டுவரும் பெட்டிக்கு எந்தக் குடும்பம் கதவைத் திறக்கும்? ஆகவே பெட்டிக்குப் பெயர் ஃபேமிலி கம்ப்யூட்டர், செல்லமாக ஃபேமிகாம். குடும்பம், கம்ப்யூட்டர் இரண்டும் பெயரில் இருந்தன. பிள்ளைகள் மட்டும் பெட்டியின் முன்னால் இருந்தார்கள். 1988 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை 'டிராகன் குவெஸ்ட் 3' வெளியானபோது பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வரிசையில் நின்ற பிள்ளைகள் சுமார் 300 பேரைப் போலீஸ் பிடித்தது. அடுத்த பாகம் 1990-இல் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வெளியானது. சரி, மற்ற தலங்களுக்குப் போவோம்.

மண் சுமந்த படலம்

1972-இல் கலிபோர்னியாவின் சன்னிவேல் ஊரில் ஒரு மதுக்கடையில் அட்டாரி கம்பெனி 'பாங்' இயந்திரத்தை வைத்தது. இரண்டு கோடு, ஒரு புள்ளி, அவ்வளவுதான் ஆட்டம். கொஞ்ச நாளில் மெஷின் ரிப்பேர் என்று தகவல் வந்தது. போய்த் திறந்து பார்த்தால் கோளாறு ஒன்றுமில்லை. காசு நிரம்பி அடைத்துக்கொண்டிருந்தது. இப்படியொரு ரிப்பேரைப் பார்த்த பிறகு எந்த முதலாளிக்குத் தூக்கம் வரும்? அடுத்த பத்து வருடம் அமெரிக்காவில் கண்டவனும் கேம் செய்தான், கண்டதையும் விற்றான்.

1982-இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' ஊரெல்லாம் ஓடியது. அட்டாரி கோடிக்கணக்கான டாலர் கொடுத்து கேம் உரிமையை வாங்கியது. கிறிஸ்துமஸுக்குள் சரக்கு கடையில் இருந்தாக வேண்டும் என்பதால் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒற்றை ஆளிடம் ஐந்து வாரம் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் நம்மூரில் கல்யாணப் பத்திரிகைக்கு டிசைன் முடிவாகாது. மனிதர் கேமையே முடித்துக் கொடுத்தார். அந்த கேமில் வேற்றுக்கிரகவாசி குழிக்குள் விழுவான், ஏறுவான், நகர்ந்தால் மறுபடி விழுவான். அட்டாரியும் விழுந்தது; ஏறத்தான் இல்லை.

1983 செப்டம்பரில் விற்காத சரக்கை லாரிகளில் ஏற்றி நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் கொட்டி, மேலே மண்ணையும் கான்கிரீட்டையும் போட்டு மூடினார்கள். பிட்டுக்குக் கூலியாளாக மண் சுமந்த சிவனைப் பாண்டியன் அடித்த அடி ஊரார் எல்லார் முதுகிலும் விழுந்ததல்லவா? அட்டாரிக்கு விழுந்த அடியும் அப்படித்தான். அமெரிக்க கேம் தொழில் மொத்தமும் முதுகைத் தடவிக்கொண்டது. 2014-இல் அதே குப்பையைத் தோண்டி சுமார் 1,300 கேட்ரிட்ஜ்களை எடுத்து, ஏலம் விட்டு, ஒன்றை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கும் கொடுத்தார்கள். கீழடிப் பானை ஓட்டுக்கு இந்த மரியாதை கிடைக்க 2,000 வருடத்துக்கு மேல் ஆனது. அட்டாரிக்கு 31 வருடம் போதுமானதாக இருந்தது.

இந்தக் கூத்துக்குப் பிறகு 'வீடியோ கேம்' என்று வாயைத் திறந்தாலே அமெரிக்கக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள். 1985-இல் நின்டெண்டோ வந்தது. ஃபேமிகாமுக்கு வீடியோ டெக் மாதிரி சட்டை தைத்து, 'என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்று பெயர் சூட்டி, கூடவே ஒரு குட்டி ரோபோவையும் உட்கார வைத்தது. "இது அந்தச் சனியன் இல்லை ஐயா, இது பொம்மை!" அந்த ரோபோவோடு ஆடுவதற்கென்று வெளிவந்த கேம்கள் மொத்தம் இரண்டே இரண்டு. கதவு திறந்ததும் ரோபோ நைசாக நழுவிவிட்டது. மரியோ உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டான்.

நரி பரியாக்கிய படலம்

பகலில் குதிரை, இரவில் நரி. இந்தத் தொழில்நுட்பத்தைச் சிவனுக்கு அடுத்தபடியாக முழுமையாகக் கற்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

பிரிட்டனில் 1982-இல் கிளைவ் சின்க்ளேர் 'இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்' என்ற கம்ப்யூட்டரை 125 பவுண்டுக்கு விற்றார். விசைகளெல்லாம் ரப்பர், அழுத்தினால் அழிரப்பரை அமுக்குகிற சுகம். அதே சமயத்தில் பி.பி.சி. நாட்டுக்கே கம்ப்யூட்டர் கற்றுத் தருகிறேன் என்று கிளம்பியிருந்ததால் பையன்களின் வேலை சுலபமாகிவிட்டது. "அப்பா, வீட்டுக் கணக்கெல்லாம் இதில் போடலாம்." அப்பா வாங்கிக் கொடுத்தார். வீட்டுக் கணக்கைப் போட்டவர்கள் யார் என்று தெரியாது. 1983-இல் 17 வயது மேத்யூ ஸ்மித் 'மானிக் மைனர்' என்ற சுரங்கக்காரன் கேமை எழுதினான் என்பது தெரியும். கேம் கேசட்டில் வந்தது. டேப் ரெக்கார்டரை இணைத்துவிட்டால் சில நிமிடம் காதைக் கிழிக்கும் கீச்சொலி, பிறகுதான் ஆட்டம். கடைசி நொடியில் லோடிங் புட்டுக்கொள்ள, மறுபடி முதலிலிருந்து. பிரிட்டிஷார் வரிசையில் பொறுமையாக நிற்பார்கள் என்ற புகழுக்கு ஒரு தலைமுறை இப்படித்தான் பயிற்சி எடுத்தது.

சீனா இந்த வித்தையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனது. குவாங்டோங் மாகாணத்தின் சோங்ஷான் ஊரில் 'சியாவ்பாவாங்' என்ற கம்பெனி, ஃபேமிகாமை அப்படியே நகலெடுத்து, ஒரு கீபோர்டை ஒட்டி, 'கற்றல் இயந்திரம்' என்று 1990-களில் விற்றது. டைப்பிங் கற்கலாம், புரோகிராம் எழுதலாம். விளம்பரத்தில் வந்தவர் ஜாக்கி சான். ஒற்றைப் பிள்ளையைப் பெற்று, அந்தப் பிள்ளை எப்படியாவது படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று ஏங்கிய பெற்றோருக்கு வேறென்ன வேண்டும்? வாங்கினார்கள். அப்பா வேலைக்குப் போனதும் கேட்ரிட்ஜ் செருகும் துளைக்குள் 'கான்ட்ரா' என்ற துப்பாக்கி ஆட்டம் இறங்கியது. மாலையில் செருப்புச் சத்தம் கேட்டதும் மறுபடி டைப்பிங்.

அந்தக் கம்பெனியை நடத்திய துவான் யோங்பிங் பின்னால் பி.பி.கே. என்று தனிக்கடை போட்டார். அந்த வம்சத்தில் வந்தவைதான் ஓப்போவும் விவோவும். இன்று நம் பிள்ளைகள் ராத்திரி போர்வைக்குள் கேம் ஆடுகிற செல்போனின் பூர்வீகம், பெற்றோரை ஏமாற்றிய அந்தக் கீபோர்டு.

நரி ஊளையிடுவது அரசாங்கத்துக்கும் கேட்டது. 2000-இல் வீட்டு கேம் பெட்டிகளுக்கே தடை வந்தது. பிள்ளைகள் இன்டர்நெட் கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஆடினார்கள். 2015-இல் தடையை முழுதாக எடுத்தபோது சீனா உலகின் மிகப்பெரிய கேம் சந்தைகளில் ஒன்றாகியிருந்தது. 2021-இல் புதிய சட்டம்: 18 வயதுக்குக் கீழ் என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் ஆன்லைன் கேம். பிள்ளைகள் பெரியவர்கள் கணக்கில் ஆடிவிடக் கூடாதென்று டென்சென்ட் கம்பெனி இரவில் முகத்தைக் காட்டச் சொல்லிச் சோதிக்கிறது. கேமுக்குள் நுழைய முகம் காட்டி ஆளை நிரூபிக்க வேண்டிய முதல் தலைமுறை, அதற்கும் தாத்தாவை எழுப்பி உட்கார வைக்கும் முதல் தலைமுறையாகவும் இருக்கக்கூடும்.

விறகு விற்ற படலம்

பாணபத்திரருக்காகச் சிவன் விறகுச் சுமையோடு வந்து, போட்டிக்கு வந்த ஏமநாதனின் வீட்டுத் திண்ணையில் பாடினார். பாட்டைக் கேட்டே எதிராளி மூட்டை கட்டினார். யூகோஸ்லாவியாவில் இதே அற்புதம் வானொலியில் நடந்தது.

வெளிநாட்டுக் கம்ப்யூட்டரை உள்ளே கொண்டுவர அங்கே விலை வரம்பு, கெடுபிடி. வோயா அன்டோனிச் என்பவர் 'கலாக்சியா' என்ற கம்ப்யூட்டரை நீங்களே இணைத்துச் செய்துகொள்ளலாம் என்று வரைபடத்தைப் பத்திரிகையில் போட்டுவிட்டார். இயந்திரம் ஆயிற்று, புரோகிராமுக்கு எங்கே போவது? 1983 முதல் பெல்கிரேட் வானொலியில் ஸோரான் மோட்லி தன் 'வென்டிலேட்டர் 202' நிகழ்ச்சியில் கேசட்டின் கீச்சொலியை அப்படியே ஒலிபரப்பினார். நேயர்கள் அதை டேப்பில் பதிந்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் புரோகிராம் தயார். காற்றில் கேம் வந்து இறங்கிய டவுன்லோடு. நடுவில் ஒருவர் தும்மினால் போச்சு. விஷயம் தெரியாத பாட்டி, ஏதோ நவீன சங்கீதம் என்று நினைத்துக் கேட்டிருப்பார்.

பொற்கிழி அளிக்காத படலம்

தருமி கதையில் பாட்டை எழுதியவர் இறையனார், பரிசுக்குப் போனவர் தருமி. மாஸ்கோவில் எழுதியவர் ஒருவர், கிழிக்குக் கை நீட்டியவர்கள் ஊர் உலகம் முழுவதும்.

சோவியத் நாட்டில் விளையாட்டு தேசத்துக்குப் பயன்பட வேண்டும். ராணுவத் தளவாடம் செய்த தொழிற்சாலைகளிலேயே ஆர்கேட் இயந்திரங்களும் தயாராயின. 'மொர்ஸ்கோய் போய்' என்ற கடற்போர் ஆட்டத்தில் 15 கோபெக் போட்டு, பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்து, டார்பிடோ விட்டுக் கப்பலைக் கவிழ்க்க வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் பயிற்சி, தோழர்! கையடக்க ஆட்டமும் உண்டு: ஓநாய் ஒன்று கூடை பிடித்து முட்டை சேகரிக்கும். நின்டெண்டோவின் ஆட்டத்தைச் சத்தமில்லாமல் நகலெடுத்தது. 1,000 புள்ளி எடுத்தால் திரையில் கார்ட்டூன் படம் ஓடும் என்று ஒரு தலைமுறையே நம்பி விரல் தேய்ந்தது. படம் எதுவும் ஓடவில்லை. ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு அதுவும் ஒரு தயாரிப்புப் பயிற்சி.

1984-இல் அறிவியல் அகாதெமியின் கணிப்பு மையத்தில் அலெக்ஸி பஜித்னோவ், எலெக்ட்ரோனிகா 60 என்ற கம்ப்யூட்டரைச் சோதிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு டெட்ரிஸை எழுதினார். அந்தக் கம்ப்யூட்டரில் படம் வரையவே வராது. அடைப்புக்குறிகளை அடுக்கிக் கட்டைகள் செய்தார். நகல் மேல் நகலாகி மாஸ்கோ ஆபீஸ்கள் முழுவதும் கட்டைகள் விழுந்தன. ஹங்கேரி வழியாக ராபர்ட் ஸ்டைன் என்ற வியாபாரி மோப்பம் பிடித்து, முறையான கையெழுத்து வாங்குவதற்கு முன்பே உரிமையை மேற்கில் விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறொருவருக்கு. பட்டா இல்லாத மனையைப் பத்து பேருக்கு விற்கும் கலை உலகப் பொதுச் சொத்து என்று அன்று நிரூபணமானது.

1989 பிப்ரவரியில் சோவியத் அரசின் எலோர்க் அலுவலகத்துக்கு ஸ்டைன், பத்திரிகை அதிபர் மேக்ஸ்வெல்லின் மகன் கெவின், சுற்றுலா விசாவில் அழைப்பே இல்லாமல் வந்து கதவைத் தட்டிய ஹென்க் ராஜர்ஸ் என்று மூவரும் ஒரே சமயத்தில் வந்து நின்றார்கள். அதிகாரி பெலிகோவ் மூவரையும் வேறுவேறு அறையில் வைத்துப் பேசினார். கடைசியில் ராஜர்ஸ் வழியாகக் கையடக்க உரிமை நின்டெண்டோவுக்குப் போனது. கேம் பாய் பெட்டியில் டெட்ரிஸ் கோடிக்கணக்கில் விற்றது. முதலாளித்துவத்தை ஒழிக்கக் கிளம்பிய தேசம், கடைசி மூச்சில் முதலாளிகளுக்கே பேரம் கற்றுக் கொடுத்தது. பஜித்னோவுக்கு? ராயல்டி 1996-இல்தான் வரத் தொடங்கியது. எழுதி 12 வருடம். சங்கப் பலகை இருந்திருந்தால் அதுவே வெட்கப்பட்டு மிதக்க மறுத்திருக்கும்.

மெய்க்காட்டிட்ட படலம்

பாண்டியனின் சேனாபதி, படை திரட்டக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட, அணிவகுப்பு நாளில் சிவகணங்கள் சிப்பாய் வேடத்தில் வந்து நின்றன. ஜெர்மனியில் இதற்கு நேர்மாறு: சிப்பாய்கள் இருந்தார்கள், அவர்களை வேறு ஏதாவதாகக் காட்ட வேண்டியிருந்தது.

நாஜிக் காலத்துக்குப் பிறகு அந்த நாட்டுக்குப் போர் விளையாட்டு என்றாலே வயிற்றைக் கலக்கும். நியாயம்தான். இளையோரைக் கெடுக்கும் ஊடகங்களுக்கென்று அரசின் பட்டியல் ஒன்று உண்டு. 1984-இல் ஆற்றின் மேல் சின்ன விமானம் பறக்கும் 'ரிவர் ரெய்டு' கூட அதில் ஏறியது. கம்பெனிகள் யோசித்தன. மனிதனைச் சுட்டால்தானே தகராறு? 'கான்ட்ரா' 'ப்ரோபோடெக்டர்' என்ற பெயரில் வந்தது. உள்ளே எல்லாரும் ரோபோ. 1998-இன் 'ஹாஃப் லைஃப்' ஜெர்மன் பதிப்பிலும் சிப்பாய்கள் ரோபோ. அதில் விஞ்ஞானியைச் சுட்டால் சாக மாட்டார். தரையில் உட்கார்ந்து தலையை ஆட்டுவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளை நினைத்து வருந்துகிற ரிட்டயர்டு வாத்தியார் தோரணை.

உச்சம் 2017-இல். நாஜிகளைச் சுட்டுத் தள்ளும் 'வுல்ஃபென்ஸ்டைன் 2' ஜெர்மன் பதிப்பில் ஹிட்லர் வருகிறார். மீசை இல்லை, பேர் ஹைலர். உலகை நடுங்க வைத்தவரை மழித்துவிட்டால் அடையாளம் தெரியாது என்று ஒரு கம்பெனி நம்பியது. அடுத்த வருடம் விதியைத் தளர்த்தினார்கள்.

வலை வீசின படலம்

தென் கொரியாவில் ஜப்பானியப் படம், பாட்டு, எதுவும் 1998 வரை உள்ளே வரக் கூடாது. காலனி ஆட்சியின் வடு. ஆனால் நின்டெண்டோ பெட்டி வந்தது. எப்படி? 'ஹூண்டாய் காம்பாய்' என்ற பெயரில். போட்டியாளர் சேகாவின் பெட்டி சாம்சங் பெயரில். ஜப்பானியன் வரக் கூடாது, கொரியச் சட்டை போட்டு வந்தால் காபி கொடுப்போம்.

1997-இல் பொருளாதாரம் கவிழ்ந்தது. வேலை போனவர்கள் பலர் கையிலிருந்த காசில் பிசி பாங் என்ற இன்டர்நெட் கடை போட்டார்கள். 1998-இல் அமெரிக்க கேம் 'ஸ்டார்கிராஃப்ட்' வந்தது. வேலையில்லாத அப்பா கடை நடத்த, வேலையில்லாத அண்ணன் அதில் உட்கார்ந்து ஆட, நாடு நிமிர்ந்தபோது இருவருக்கும் அது தொழிலாகியிருந்தது. 2000-இல் கேம் காட்டவே டி.வி. சேனல். 2004-இல் பூசானின் குவாங்அல்லி கடற்கரையில் இறுதிப் போட்டி பார்க்க ஒரு லட்சம் பேர் கூடியதாகச் செய்தி. ராணுவச் சேவை கட்டாயம் என்பதால் விமானப்படையே 2007-இல் ஒரு ஸ்டார்கிராஃப்ட் அணி வைத்தது. கீபோர்டு தட்டும் கையை நாட்டுக்கு ஒப்படைப்பதும் சேவையே.

பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். 2011-இல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் தடை. பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய சர்வதேசப் போட்டி ஒன்றின் தகுதிச் சுற்றில் 15 வயதுக் கொரியப் பையன் ஆடிக்கொண்டிருக்கும்போதே மணி பன்னிரண்டு ஆனது. தேசத்தின் பெருமையைத் தேசமே பிளக்கைப் பிடுங்கிப் படுக்கச் சொன்னது. 2022-இல் சட்டம் போனது.

மாபாதகம் தீர்த்த படலம்

கிரேக்கம் மட்டும் வேடமெல்லாம் வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டது. சூதாட்ட இயந்திரங்களை ஒழிக்க நினைத்தார்கள். எது சூது, எது விளையாட்டு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. 2002-இல் 3037 எண் சட்டம்: எல்லா மின்னணு விளையாட்டுக்கும் தடை. சட்டத்தை எழுத்துப்படி எடுத்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நோக்கியா போனில் பாம்பு விளையாடியவரும் குற்றவாளி. தெசலோனிக்கி நீதிமன்றம் சில வாரங்களிலேயே இது அரசமைப்புக்கு விரோதம் என்று தூக்கிப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2006-இல் குட்டியது. அந்தச் சட்டம் வந்து இரண்டே வருடத்தில் ஏதென்ஸில் ஒலிம்பிக் நடந்தது. ஈட்டி எறியலாம், பாம்பை வளர்க்கக் கூடாது.

விருத்த குமார பாலரான படலம்

கிழவராக வந்து, குமரனாகி, பெரியவர்கள் வந்ததும் குழந்தையான சிவனின் கதையை நாம் அப்படியே நடத்திக் காட்டினோம்.

1995-இல் சேகா கம்பெனி இந்தியாவுக்குள் வந்தபோது கைப்பிடித்து அழைத்து வந்தது, மதுபானத்துக்குப் பேர்போன ஷா வாலஸ். ஒரு போதையை விற்கத் தெரிந்தவருக்கு இன்னொன்றும் வரும் என்ற கணக்கோ என்னவோ. விலை நடுத்தர வர்க்கத்துக்கு எட்டவில்லை. எட்டியது ஃபேமிகாமின் நகல்கள்தான். '9999 கேம்கள்' என்ற லேபிள். உள்ளே இருந்ததென்னவோ கொஞ்சம், மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு கட்டத்திலிருந்து. வீடுகளில் ஒரே எதிர்ப்பு: "டி.வி. பிக்சர் டியூப் போயிடும்." கண் கெடும், படிப்பு கெடும் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். பிறகு பிரவுசிங் சென்டர் வந்தது. காரணம் 'காலேஜ் ப்ராஜெக்ட்'. 2011-இல் தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்தது. பாண்டியனுக்கு வந்த குதிரைகளைவிட அதிகம். படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் ஏராளம். அதே லேப்டாப்பில் 'வைஸ் சிட்டி'யில் கார் திருடிவிட்டுப் போனவர்களும் ஏராளம்.

பிறகு பப்ஜி. 2019 ஜனவரியில் டெல்லியில் நடந்த கூட்டத்தில் ஒரு தாய் மகனின் கேம் மோகத்தைச் சொல்லத் தொடங்க, பிரதமரே பப்ஜிக்காரனா என்று கேட்டார். இரண்டு மாதத்தில் ராஜ்கோட் போலீஸ் விளையாடியவர்களைக் கைது செய்தது. 2020 செப்டம்பரில் சீனாவோடு எல்லைத் தகராறு முற்ற, சீனத் தொடர்புள்ள 118 செயலிகளுக்குத் தடை; பப்ஜியும் அதில் ஒன்று. 2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் பச்சிளம் குழந்தையாக வந்தது. குழந்தையின் ரத்தம் பச்சை நிறம். 2022-இல் மறுபடி மறைந்து, 2023-இல் மறுபடி தோன்றியது. ஜெர்மனியில் ரோபோ, இங்கே பச்சை ரத்தம். சுடுவது மட்டும் எங்கும் மாறவில்லை.

கால் மாறி ஆடின படலம்

இத்தனை நாளும் விளையாட்டு, படிப்பு வேடம் போட்டது. வேலை வேடம் போட்டது. தேசபக்தி வேடமும் போட்டது. இப்போது சாமி காலை மாற்றி வைத்துவிட்டார். படிப்பும் வேலையும் விளையாட்டு வேடம் போடுகின்றன. மொழி கற்கும் செயலியில் ஒரு நாள் விட்டால் தொடர் அறுந்துவிட்டது என்று பறவை அழுகிறது. காய்கறிக்குப் பணம் அனுப்பினால் சுரண்டிப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு வருகிறது. உணவு கொண்டுவரும் தம்பிக்கு இன்னும் மூன்று ஆர்டர் முடித்தால் அடுத்த லெவல். ஆபீசில் யார் அதிகம் விற்றது என்று பெரிய திரையில் புள்ளிப் பட்டியல் ஓடுகிறது.

இவற்றுக்கு நள்ளிரவுத் தடை கிடையாது, முகச் சோதனை கிடையாது, எந்த ஊர் போலீஸும் வந்து கைது செய்வதில்லை. வீட்டில் உட்கார்ந்து விடிய விடிய புள்ளி சேர்த்தால் அடிமை. ஆபீசில் உட்கார்ந்து விடிய விடிய புள்ளி சேர்த்தால் இந்த மாதத்தின் சிறந்த ஊழியர். சுவரில் போட்டோ மாட்டி, ஒரு காபி கப்பும் கொடுப்பார்கள்.